கேளாதவரை யசோதை, கேட்டால் பூதனை!

மாதத்தின் முதல் நாள். மாலை மணி ஆறரை. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடி. அலுவலகத்திலிருந்து திரும்பிய இல்லத்தலைவி கைப்பையை மேசைமீது வைக்கிறார். தோளில் உறங்கிவிட்ட குழந்தையை மெல்ல இறக்கித் தொட்டிலில் கிடத்திவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிறார் ஆயா. இரண்டு மாதமாக மனத்திற்குள் ஒத்திகை பார்த்துவைத்த சொற்கள் தொண்டைக்குள்ளேயே சுழல்கின்றன. இறுதியில் கேட்டே விடுகிறார்.

"அம்மா, சம்பளத்தில் ஒரு மூவாயிரம் ஏற்றிக் கொடுங்கள். மூன்று வருடமாகிறது, வந்த நாள் முதல் அதே சம்பளம்தான்..."

அவ்வளவுதான்! அதுவரை இனிமை தவழ்ந்த முகத்தில் இருள் கவிகிறது.

"என்ன ஆயா, இப்படிக் கேட்டுவிட்டீர்கள்? உங்களை நாங்கள் வேலைக்காரியாகவா நினைத்தோம்? வீட்டில் ஒருவராக அல்லவா வைத்திருக்கிறோம்! குழந்தைமீது உங்களுக்கு உண்மையான பாசம் என்று நம்பினோமே!"

உள்ளறையிலிருந்து பாட்டியம்மையார் குரல் கொடுக்கிறார்: "பேருந்துக்குக் காசில்லை, மாதம் பிறந்தால் ஆயிரம் ரூபாயை அரசாங்கம் கொடுக்கிறது, அரிசி சும்மா கிடைக்கிறது. இன்னும் என்ன பற்றாக்குறை?"

ஆயா மறுமொழி பேசவில்லை. வாயிலுக்கு வெளியே விட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குகிறார். ஐந்து மாடி! குடியிருப்போருக்கான மின்தூக்கியில் அவர் ஏறக்கூடாது என்பது அந்தக் கட்டடத்தின் விதி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஏறலாம். தனியே வந்தால் ஏறக்கூடாது!

ஊரும் பேரும் வேண்டாம், தோழர்களே! இது ஒரு வீட்டின் கதையன்று. நகரந்தோறும், தெருத்தோறும், மாதந்தோறும் நடைபெறும் நாடகம் இது. பாத்திரங்களின் பெயர் மாறும்; தொகை சற்று ஏறும், இறங்கும்; வசனம் மட்டும் மாறுவதே இல்லை. அந்த வசனத்தைத்தான் இங்கே பகுத்தறிவு என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்க்கப்போகிறோம்.

முதலில் கணக்கு. பாசம், பற்று, பரிவு எல்லாவற்றையும் சற்று நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு, பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய பெருக்கல் கணக்கைப் போடுவோம்.

ஆயா பெறும் ஊதியம் மாதம் 9,000 ரூபாய் என்று கொள்க. காலை ஏழரைக்கு வருகிறார். மாலை ஆறரைக்குத் திரும்புகிறார். நாளொன்றுக்கு 11 மணி நேரம். மாதத்தில் 26 நாள். ஆக, 286 மணி நேரம். வகுத்துப் பாருங்கள்! மணிக்கு 31 ரூபாய் 47 காசு. வீட்டுவேலைத் தொழிலாளர்க்கு மணிக்கு 37 ரூபாய் முதல் 39 ரூபாய் வரை குறைந்தபட்ச ஊதியம் என்று தமிழக அரசு அறிவித்தது 2018-ஆம் ஆண்டில். அதில் மிகத் தாழ்ந்த விகிதத்தையே எடுத்துக்கொண்டாலும், 286 மணி நேரத்திற்கு 10,582 ரூபாய் வருகிறது. மாதந்தோறும் 1,582 ரூபாய் குறைவு! மூன்றாண்டுக்குப் பெருக்கினால் 56,952 ரூபாய்!

அவர் கேட்ட உயர்வை முழுதாகக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாதம் 12,000 ரூபாய். மணிக்கு 42 ரூபாய்கூட முழுதாக வராது. 2018-இல் அறிவித்த மேல் விகிதத்தைவிட மூன்று ரூபாய்கூட அதிகமில்லை. இதற்குத்தான் அத்தனை முகச்சுளிப்பு. இதற்குத்தான் 'இப்படிக் கேட்டுவிட்டீர்களே' என்ற அங்கலாய்ப்பு. உண்மையைச் சொன்னால், மூன்றாண்டாகக் கடன் கொடுத்து வந்தவர் ஆயா. கடன்பட்டவர் அந்த வீட்டார். கடன் கொடுத்தவர் கூனிக் குறுகி நிற்கிறார்; கடன்பட்டவர் நிமிர்ந்து நின்று அறவுரை வழங்குகிறார்! எங்கேயாவது கண்டதுண்டா இந்த விந்தையை?

இந்த விந்தை எங்கிருந்து பிறந்தது? புராணத்தைப் புரட்டினால் விளங்கும். பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்கு இரண்டே அச்சுகளை வார்த்துவைத்திருக்கிறது கண்ணன் கதை. ஒருத்தி யசோதை: பிறர் பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாக எண்ணி, எதையும் கேளாமல், வெண்ணெய் ஊட்டி வளர்த்தவள். மற்றொருத்தி பூதனை: பாலூட்ட வந்தவள்போல் வந்து நஞ்சூட்ட முயன்ற அரக்கி. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பெண் உண்டே. குழந்தையை அன்போடு பேணுவாள், பேணிய உழைப்புக்கு ஊதியமும் பெறுவாள், பெற்ற ஊதியத்தில் தன் குழந்தையையும் காப்பாற்றுவாள்! அவளுக்குப் புராணத்தில் இடமில்லை. அதனால்தான் இன்றுவரை வீட்டாரின் மனத்திலும் இடமில்லை. வாய் திறவாத வரையில் ஆயா யசோதை. தொகையைச் சொல்லி வாய் திறந்தாளோ, அந்த நொடியே பூதனை! "இனி இவளை நம்பிக் குழந்தையை விடலாமா?" என்று அன்றிரவே ஆராய்ச்சி தொடங்கிவிடுகிறது.

இனி, வாதங்களை ஒவ்வொன்றாக எடுப்போம்.

'வீட்டில் ஒருத்தியாக வைத்திருக்கிறோம்' என்பது முதல் வாதம். மகிழ்ச்சி! ஆனால், சில கேள்விகள். 1989-இல் தமிழ்நாடு செய்த சட்டத் திருத்தம் குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் சமபங்கு தந்தது. வீட்டில் ஒருத்தி என்றால், ஆயாவுக்கு எந்த அறையில் பங்கு? பங்கு வேண்டாம், போகட்டும். அவர் காப்பி அருந்தும் குவளை எங்கே இருக்கிறது? வீட்டாரின் குவளைகளோடு அடுக்கிலா, சமையற்கட்டுக்கு வெளியே சன்னல் மேட்டிலா? தொலைக்காட்சி பார்க்கும்போது அவர் அமர்வது இருக்கையிலா, தரையிலா? ஊரில் அவர் தாய் இறந்தபோது எத்தனை நாள் விடுப்புக்கு ஊதியம் பிடித்தீர்கள்? குடும்பத்தில் ஒருத்திக்கு யாராவது நாட்கணக்கில் பிடித்தம் செய்வார்களா?

தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை என்றால் கொதித்தெழுகிறோம், கொதித்தெழ வேண்டியதுதான். ஆனால் ஐந்தாம் மாடியில், பளிங்குத் தரையில், படித்தவர் வீட்டில் இருக்கும் தனிக் குவளை மட்டும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லையே, ஏன்? குழந்தையை மடியில் வைத்துச் சோறூட்டும் கைக்குத் தீட்டில்லை. அதே கை தன் வாய்க்குக் காப்பி எடுத்தால் தீட்டு! வருணாசிரமம் மாடி வீட்டுக்குக் குடிவந்த விதம் இது.

பண்ணையார்களும் இதையேதான் சொன்னார்கள் ஒரு காலத்தில். தஞ்சைத் தரணியில், "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து உங்கள் பாட்டனைப் பிள்ளைபோல் வைத்துக் காத்தோமே, கூலியைப் பற்றிப் பேசலாமா?" என்றார்கள். பிள்ளைபோல் வைத்த அழகு எப்படிப்பட்டது என்பதை நாடறியும். அந்தப் பாசத்தை நம்பிப் பயனில்லை என்று கண்டுதான் 1952-இல் தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உறவு என்ற சொல் உழைப்பாளியின் வாயை அடைக்கும் பஞ்சாகப் பயன்படும்போதெல்லாம், அந்த இடத்தில் சட்டம் என்ற சொல் தேவைப்படுகிறது.

'பாசத்துக்கு விலை பேசலாமா?' என்பது இரண்டாம் வாதம். கேட்பதற்கு மிக உயர்ந்த தத்துவம்போல் ஒலிக்கிறது. அதே வீட்டில் அந்தக் குழந்தைக்கு முதலாண்டு நிறைவு விழா நடந்தது. புரோகிதர் வந்தார், இரண்டு மணி நேரம் மந்திரம் ஓதினார், தட்சணையை எண்ணிப் பார்த்து வாங்கி மடியில் செருகிக்கொண்டு போனார். "பக்திக்கு விலை பேசலாமா, சுவாமி?" என்று யாரும் கேட்கவில்லை! புரியாத மொழியில் இரண்டு மணி நேரம் ஓதியதற்கு உடனே கூலி. புரியும் மொழியில் மூன்றாண்டு தாலாட்டியதற்கு உபதேசம்! மருத்துவர் அன்போடுதான் நோயாளியைப் பார்க்கிறார். ஆசிரியர் அன்போடுதான் பாடம் சொல்கிறார். அவர்களது ஊதியத்தால் அந்த அன்பு கறைபடுவதில்லை. ஆயாவின் அன்புக்கு மட்டும் ஏன் பட்டினி விரதம்?

அன்பு என்பது இருபுறமும் ஓடும் ஆறு. ஒருபுறம் மட்டும் ஓடுமானால் அதற்குப் பெயர் சுரண்டல். முதலாளியின் பாசம் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு வரலாற்றில் கல்வெட்டே இருக்கிறது; சென்னையிலன்று, இலண்டனில்! வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், இந்தியாவிலிருந்து தாயகம் திரும்பிய ஆங்கிலேயக் குடும்பங்கள் கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நம் நாட்டு ஆயாக்களை அழைத்துச் சென்றன. வாரக்கணக்கான கடற்பயணம். அலை வீசும்போதும், குழந்தை வாந்தியெடுக்கும்போதும், இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் அவர்கள். கரை வந்தது, குழந்தை பத்திரமாக இறங்கியது. ஆயாவின் வேலை முடிந்தது, பாசமும் முடிந்தது! திரும்பிவரக் கப்பல் கட்டணம் தராமலேயே நட்டாற்றில் விடப்பட்டோர் பலர். அப்படி ஆதரவற்று நின்றோருக்காக இலண்டனில் 'ஆயாக்கள் இல்லம்' என்றே ஒரு விடுதி இயங்க வேண்டியிருந்தது. 1900-இல் அது ஆக்னி பகுதிக்கு இடம்பெயர்ந்தது. அந்தக் கட்டடத்தில் 2022-இல் நீலநிற நினைவுப் பலகை பொருத்தியிருக்கிறார்கள். 'வீட்டில் ஒருத்தி' என்ற வாக்குறுதி துறைமுகத்தைக்கூடத் தாண்டாது என்பதற்கு அந்தப் பலகையே சான்று.

'வெள்ளையன் அப்படி, நம் தமிழ் மரபு வேறு' என்று மார் தட்டுவோர் உண்டு. நானும் தமிழ் மரபை எண்ணிப் பெருமிதம் கொள்பவன்தான். அகப்பாடல்களில் பெற்றவளுக்கு நற்றாய் என்று பெயர். வளர்த்தவளுக்குச் செவிலித்தாய் என்று பெயர். இருவருக்கும் 'தாய்' என்ற பட்டத்தைத் தந்த மொழி இது. சிலப்பதிகாரத்தில், நேர்ந்த கொடுமையைக் கேட்ட அளவில் கண்ணகியின் தாயும் கோவலனின் தாயும் உயிர் நீத்தனர். அந்தச் செய்தியைக் கேட்டு மதுரைக்கு நடந்து, அங்கிருந்து சேர நாட்டு மலையேறி, செங்குட்டுவன் முன்னிலையில் தான் யார் என்று அறிவித்து அரற்றியவர்களுள் ஒருத்தி கண்ணகியின் செவிலி. வளர்த்த பாசத்துக்கு அதனினும் பெரிய சான்று வேண்டுமா?

பெருமைப்படுவோம், ஆனால் பகுத்தறிவோடு படிப்போம். செவிலியின் மகளே தலைவிக்குத் தோழியாவாள் என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுக்கிறது. சற்றே நின்று எண்ணிப் பாருங்கள்! தாய், தலைவியை வளர்த்தாள். மகள், அந்தத் தலைவிக்கு ஏவல் செய்கிறாள். தலைவியின் மகள் தலைவி. செவிலியின் மகள் தோழி! பாட்டில் இனிக்கும் இந்த ஏற்பாடு வாழ்க்கையில் கசக்காதா? இன்று சென்னையில் எத்தனையோ ஆயாக்கள் கண்ணகி நகரிலிருந்துதான் பேருந்து ஏறி வருகிறார்கள். நகரின் நடுவே குடிசையில் வாழ்ந்தோரை அகற்றி ஊரின் எல்லைக்கு அப்பால் குடியேற்றிய பகுதி அது. அதற்குக் கண்ணகியின் பெயரைச் சூட்டினோம். கண்ணகியின் செவிலிக்கு என்ன கூலி என்று கேட்க மறந்தோம்! அந்தச் செவிலியின் மகளும் செவிலியாகவே ஆக வேண்டுமா, மருத்துவராக ஆகலாமா என்பதைத் தீர்மானிப்பது எது? ஊழ்வினையன்று, தோழர்களே. மாதம் கூடுதலாகக் கேட்ட அந்த மூவாயிரம் ரூபாய்! பத்தாம் வகுப்போடு நிற்கவிருந்த பெண் பன்னிரண்டாம் வகுப்பைத் தொடுவதும் தொடாததும் அதில் இருக்கிறது. நம் குழந்தையின் காலில் முள் தைக்காமல் பார்த்துக்கொள்ள ஆயா வருகிறாரே, அந்த நேரத்தில் அவர் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று என்றாவது கேட்டிருக்கிறோமா? பல வீடுகளில் பார்ப்பது மூத்த மகள்; அதனால் அந்த மகளுக்குப் பள்ளி பாதி, பாரம் மீதி.

மூன்றாம் வாதம்: 'இதற்கென்ன படிப்பா, பயிற்சியா? யாரும் செய்யக்கூடிய வேலைதானே?' அப்படியானால் யாரும் செய்யுங்களேன்! ஒரே ஒரு நாள் ஆயா வராவிட்டால் அந்த வீடு படும் பாட்டைப் பாருங்கள். அலுவலகத்திற்கு விடுப்பு, கணவனோடு சண்டை, பாட்டிக்கு முதுகுவலி, குழந்தைக்குக் கண்ணீர்! அழுகை பசியாலா, வயிற்று வலியாலா, பல் முளைப்பதாலா என்று ஓசையைக் கேட்டே பிரித்தறிவது திறமையில்லையா? காய்ச்சல் ஏறும்போது எப்போது ஈரத்துணி போதும், எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது அறிவில்லையா? தொண்டையில் நிலக்கடலை சிக்கிய நொடியில், பதறாமல் குழந்தையைக் கவிழ்த்து முதுகில் தட்டுவது பயிற்சியில்லையா? ஆறு வயதுக்குள் மனித மூளை, வளர்ந்தவர் மூளையின் அளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது என்கிறது அறிவியல். பேச்சும், நம்பிக்கையும், அச்சமும் வேர்விடும் பருவம் அது. அந்தப் பருவத்தின் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி யாருடைய கையில் கழிகிறதோ அவரை, 'ஒன்றும் தெரியாதவள்' என்கிறோம். நகைப் பெட்டிக்கு வங்கியில் வாடகை கட்டத் தயங்காதவர், பிள்ளைச் செல்வத்தைக் காப்பவருக்கு நாற்பத்திரண்டு ரூபாய் தரத் தயங்குகிறார். செல்வம் எது என்பதில்தான் ஐயம் போலும்!

இந்த ஏளனத்தின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? ஆயாவிடத்திலன்று, அந்த வீட்டு அம்மையாரிடத்திலேயே இருக்கிறது. பிள்ளை பேணுவது பெண்ணின் இயல்பு, அது உழைப்பே அன்று என்று காலகாலமாகக் கற்பித்துவிட்டார்கள். தாய் செய்தால் சுழியம்; அதையே கூலிக்கு ஒருத்தி செய்தால் சுழியத்துக்குச் சற்று மேலே! தாயின் உழைப்புக்கு மதிப்பில்லாத வீட்டில் ஆயாவின் உழைப்புக்கு மதிப்பு எப்படி வரும்? அலுவலகத்தில், 'ஆணுக்கு நிகரான ஊதியம் எனக்கு ஏன் இல்லை?' என்று நியாயம் கேட்கும் அதே அம்மையார், மாலையில் தன் வீட்டு வாயிலில் நியாயம் மறுக்கிறார். தன் கையில் பூட்டிய விலங்கின் மறுமுனையைத் தானே பிடித்து இன்னொருத்தியின் கையில் பூட்டுகிறார்!

அந்த விலங்கு இப்போதுதான் மெல்லத் தளர்கிறது. கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பேணி அவன் சம்பாதிக்க வழி செய்த மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று 2023 சூனில் தீர்ப்பளித்தது சென்னை உயர்நீதிமன்றம். அதே ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு மகளிருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்கு 'உதவித்தொகை' என்று பெயரிடவில்லை. 'உரிமைத்தொகை' என்று பெயரிட்டது. பெயரிலேயே கொள்கை இருந்தது.

பாட்டியம்மையாரின் வாதத்துக்கும் விடை அதிலேயே இருக்கிறது. 2021-இல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் வந்தது அவர்கள் உலகம் விரிய வேண்டும் என்பதற்காக. 2023-இல் உரிமைத்தொகை வந்தது அவர்கள் ஊதியம் பெறாமல் ஆற்றிய உழைப்பை மதிப்பதற்காக. நீங்கள் கொடுக்க வேண்டிய கூலியில் கழித்துக்கொள்வதற்காக அல்ல! அரசு ஒரு கையால் ஏழைப் பெண்ணுக்குக் கொடுக்க, அதை வீட்டு முதலாளி மறு கையால் தன் பைக்குத் திருப்பிக்கொண்டால், அந்தத் திட்டம் யாருக்குப் பயன்படுகிறது? ஆயாவின் பேருந்துக் காசு மிச்சமானால், அந்த மிச்சம் ஆயாவுக்கே உரியது. அது உங்கள் வீட்டு வரவு செலவில் ஒரு வரியன்று.

நான்காம் வாதம் ஒன்று இருக்கிறது. அது ஏமாற்று வாதமன்று. அதற்கு நேர்மையாக விடையிறுக்க வேண்டும். 'நானே மாதம் இருபத்தையாயிரத்துக்கு வேலை செய்கிறேன். அதில் பன்னிரண்டாயிரம் கொடுத்துவிட்டால் நான் வேலைக்குப் போய் என்ன பயன்?' என்று கேட்கும் எளிய தாய்மாரும் உண்டு. அவர்கள் கேள்வி நியாயமானது. ஆனால் விடையை ஆயாவின் மடியில் தேடுவது நியாயமன்று. ஓர் ஏழைப் பெண் வேலைக்குப் போவதற்கான செலவை அவளினும் ஏழையான ஒருத்தி தாங்க வேண்டும் என்றால், அது தீர்வன்று. சுமையை மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு உருட்டிவிடுவது!

தீர்வு வேறிடத்தில் இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்திற்கு 2017-இல் வந்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. எத்தனை நிறுவனங்களில் இருக்கிறது என்று கேட்டோமா? தெருவுக்குத் தெரு, முழுநாள் இயங்கும் பொதுக் காப்பகம் வேண்டும் என்று குரல் எழுப்பினோமா? ஆயாவின் ஊதியத்தைக் குறைக்கக் காட்டும் உறுதியில் பாதியை நிறுவனத்தின் வாயிலில் காட்டியிருந்தால், இந்நேரம் அந்தக் காப்பகத்தில் அதே ஆயா முறையான ஊதியத்தில், முறையான நேரத்தில் பணியாற்றிக்கொண்டிருப்பார். அவர் குழந்தையும் அங்கேயே வளர்ந்திருக்கும்!

ஆட்சியாளரும் தப்ப முடியாது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் பணியாற்றும் அங்கன்வாடிப் பெண்களுக்குத் தான் தருவதை 'ஊதியம்' என்று எழுத ஒன்றிய அரசுக்குப் பேனா வரவில்லை. 'மதிப்பூதியம்' என்றே எழுதியது. மதிப்பும் குறைவு, ஊதியமும் குறைவு, பெயர் மட்டும் மதிப்பூதியம்! அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்சநீதிமன்றம் சொல்வதற்கு 2022 ஆக வேண்டியிருந்தது. அரசே தொண்டு என்று சொல்லி உழைப்பை மலிவாக வாங்கினால், ஐந்தாம் மாடி அம்மையாரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

சட்டம் ஏதுமில்லையா? தமிழ்நாட்டில் உண்டு, இன்னும் போதாது. உடலுழைப்புத் தொழிலாளர்க்கான 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வீட்டுவேலைத் தொழிலாளர்க்கு 2007-இல் நலவாரியம் அமைந்தது. 2018-இல் குறைந்தபட்ச ஊதியம் வந்தது. 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், வீட்டையும் ஒரு பணியிடமாக ஏற்றுக்கொண்டது. உலக அளவில், 2011 சூன் 16-ஆம் நாள் செனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, வீட்டுவேலைத் தொழிலாளர்க்கான 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்திய அரசு அன்று ஆதரித்துக் கை தூக்கியது; தூக்கிய கையால் ஏற்புக் கையெழுத்துப் போட மட்டும் மறந்துவிட்டது! 2025 சனவரியில் உச்சநீதிமன்றம், இத்தொழிலாளரைக் காக்கத் தனிச் சட்டம் இல்லாத வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டி, அதனை ஆராயக் குழு அமைக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. வீட்டின் கதவைத் தட்டிச் சட்டம் உள்ளே நுழைய இத்தனை காலம்!

ஆலைத் தொழிலாளி தனியாக இல்லை. அருகிலேயே ஆயிரம் தோழர்கள் இருந்தனர். அதனால்தான் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1923-இல் சிங்காரவேலர் இதே சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்ற முழக்கம் அந்தக் கடற்கரைக்கு வந்து நூறாண்டு கடந்துவிட்டது. அந்தக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தொலைவில் ஆயா இன்னும் பதினோரு மணி நேரம் உழைக்கிறார்! ஏன்? அவரது ஆலையில் தொழிலாளி ஒருத்தியே; மேற்பார்வையாளர் மூவர்; கதவு தாழிட்டது. சங்கத்துக்குப் போவதற்கும் அந்த வீட்டில்தான் விடுப்புக் கேட்க வேண்டும்!

ஆகவே, தோழர்களே, இந்தப் பொறுப்பு நம்முடையது. பிறர் வீட்டைச் சுட்டுமுன் நம் வீட்டை நோக்கிக் கேட்போம். நம் வீட்டுக் கூடத்தில் பெரியார் படம் தொங்குகிறது; அதன்கீழ் தரையில் அமர்ந்து நம் தங்கையின் குழந்தைக்குச் சோறூட்டும் அம்மையாருக்கு மணிக்கு என்ன கூலி? நமக்குத் தெரியுமா? 1949-இல் அண்ணாவின் 'வேலைக்காரி' திரைக்கு வந்தபோது கை வலிக்கத் தட்டிய பாட்டன்மாரின் பேரர்கள் நாம். திரையில் வேலைக்காரிக்கு நீதி கிடைத்தால் கைதட்டுகிறோம். வீட்டில் வேலைக்காரி நீதி கேட்டால் கதவைத் தட்டிச் சாத்துகிறோம். 1925-இல் தோன்றிய இயக்கத்துக்குச் சுயமரியாதை என்று பெயர் வைத்தார்களே, அந்தச் சுயமரியாதை மேடைக்கு மட்டுமா? ஒலிபெருக்கி அணைந்த பின்னும் அது வீடுவரை வர வேண்டாமா?

செய்ய வேண்டியவை மலையைப் புரட்டும் வேலையன்று. இன்று மாலையே ஒரு தாளை எடுங்கள். வேலை நேரம் எத்தனை, மணிக்கு ஊதியம் என்ன, கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு, வாரத்தில் எந்த நாள் ஓய்வு, நோயுற்றால் எத்தனை நாள் பிடித்தமில்லா விடுப்பு, ஆண்டுதோறும் எந்த மாதத்தில் எவ்வளவு உயர்வு என்று எழுதுங்கள். இரண்டு படி எடுத்து, ஒன்றை ஆயாவிடம் கொடுங்கள். பொங்கலுக்குக் கட்டிப் பழகிய சேலையைக் கொடுத்துவிட்டு அதையே போனசு என்று எண்ணும் வழக்கத்தை விடுங்கள். தனிக் குவளையை அப்புறப்படுத்துங்கள். நலவாரியத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையேல் உடன் சென்று பதிவு செய்யுங்கள். மின்தூக்கி விதியைக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று எதிர்த்துப் பேசுங்கள். இத்தனைக்கும் தேவைப்படுவது புரட்சிப் படையன்று; கொஞ்சம் வெட்கம்!

ஊதிய உயர்வை அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். கேட்க வைப்பதே ஒரு சிறுமை. அரசு ஊழியர் அகவிலைப்படிக்காக ஒவ்வொரு மேலதிகாரியின் வீட்டு வாயிலிலும் தனித்தனியே நின்று கைபிசைவதில்லை. விலைவாசி ஏறினால் அது விதிப்படி வருகிறது. அதே விலைவாசிதான் கண்ணகி நகரிலும் ஏறுகிறது. அங்கு மட்டும் அது ஏன் கண்ணீரைக் காட்டிக் கேட்க வேண்டிய பொருளாக இருக்க வேண்டும்?

ஆயாக்களாகப் பணியாற்றும் அன்னையர்க்கும் ஒரு சொல். கேளுங்கள்! தலை குனியாமல் கேளுங்கள். குழந்தையின் காய்ச்சலைச் சொல்லும்போது எவ்வளவு தெளிவாகச் சொல்வீர்களோ, அவ்வளவு தெளிவாக உங்கள் மணிக்கணக்கைச் சொல்லுங்கள். தனியே கேட்டால் குரல் நடுங்கும். அக்கம்பக்கத்து வீடுகளில் பணிபுரிவோர் நால்வர் சேர்ந்து ஒரே தொகையைக் கேட்டால் நடுங்காது. நீங்கள் கேட்பது இனாமன்று, இரக்கமன்று, மூன்றாண்டுக் கடனின் முதல் தவணை. ஊதியம் கேட்டதனால் உங்கள் அன்பு குறைந்துவிடாது. குறைந்துவிட்டது என்று சொல்பவர், இதுவரை அன்பைப் பற்றிப் பேசவே இல்லை. மலிவு விலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த ஐந்தாம் மாடிக் குழந்தை நாளை விழித்தெழும். முதலில் தேடுவது ஆயாவின் முகத்தைத்தான். அதற்குப் புராணம் தெரியாது, வருணம் தெரியாது, யசோதை, பூதனை தெரியாது. தன்னைத் தூக்கும் கையை மட்டும் தெரியும். வளர்ந்து பெரியவனான பின், ஒரு நாள் அவன் கேட்கக்கூடும்: "அம்மா, என்னை வளர்த்த ஆயாவுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?"

மணிக்கு 31 ரூபாய் 47 காசு என்று விடை சொல்ல அன்று நா எழுமா?